ஒரு வாஷர் மிச்சம்

நான்காவது முறையாகப் பார்த்தபோதும் தட்டில் அந்த காப்பர் வாஷர் இருந்தது.

காசி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். புதுசு. எதிலும் மாட்டி முறுக்கிய தடம் ஒன்றுகூட இல்லை. பழசாக இருந்திருந்தால் டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பூட்டிக் கிடக்கிற ஷெட்டைப் பெருக்கிவிட்டுப் போகலாம் என்று வந்த மனிதன் அவன்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருக்கிறது காசியின் மெக்கானிக் ஷெட். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் "இதையெல்லாம் நாங்க தொடறதில்லீங்க" என்று திருப்பி அனுப்புகிற பழைய வண்டிகள்தான் அவனிடம் வரும். நேற்று முழுக்க ஒரே ஒரு வண்டி. ரத்தினசாமி சாருடைய தொண்ணூற்றேழாம் வருஷத்து வெள்ளை மாருதி. அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். முன் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் இரண்டும் வண்டி பிறந்த நாளிலிருந்து மாற்றப்படாதவை. விரலால் வளைத்தால் ரப்பர் வாய் பிளந்தது. பெடலை மிதித்தால் ஹோஸ் புடைத்தது. இரண்டு வருஷமாக அவர் மூன்று தரம் மிதித்துத்தான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

காசி இரண்டையும் மாற்றினான். ஹோஸ் சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட். ஹோஸ் முனைக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். இரண்டு பக்கத்துக்கும் நாலு. அந்த நாலும் அழுத்திப் பிடித்தால்தான் பிரேக் ஆயில் வெளியே கசியாது. ஆயில் கசிந்து போனால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

"இன்னாங்க, தட்டையே பாத்துக்கினு நிக்கறீங்க?"

மனைவி சுந்தரி கையில் டீயோடு வந்து நின்றாள்.

"ஒரு வாஷர் மிச்சம் சுந்தரி."

"மிச்சம்தானே? கம்மியா இருந்தாத்தான் பேஜாரு. ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே."

"வண்டியில கம்மியா இருந்தாத்தான் தட்டுல ஜாஸ்தியா இருக்கும்."

சுந்தரி டீயைப் பெஞ்சில் வைத்தாள். அவளும் ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறாள், தையல் பிரிவில். "எங்க லைன்ல ஒரு ஊசி ஒடைஞ்சாக்கூட, எல்லாத் துண்டும் கெடைக்கற வரைக்கும் மிஷினை ஓட்ட வுட மாட்டாங்க" என்றாள். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள்.

நேற்று சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது ரத்தினசாமி சொன்னது காசிக்கு ஞாபகம் வந்தது. ஏலகிரி மேலே, அத்தனாவூரில் அவர் மச்சினி வீடு கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி மலை ஏறப் போகிறார்கள்.

பதினாலு கொண்டை ஊசி வளைவு.

நேற்று ஷெட் வாசலில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனால் சமதரையில் நாலு தரம் மிதிப்பது வேறு, மலையிலிருந்து இறங்கும்போது நாற்பது தரம் மிதிப்பது வேறு. இதை அவனே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான்.

"போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் சுந்தரி.

முதலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஷபீ அஹமதுக்கு அடித்தான். பாக்கெட்டில் எத்தனை வாஷர் போட்டார் என்று கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு வேலூரில் ஏதோ கல்யாணம்.

அடுத்து ரத்தினசாமி. நாலு தரம் மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தான். நின்றது.

"வண்டி ஓட்டிக்கினு இருப்பாரு. வாட்ஸ்அப்ல பேசி அனுப்புங்க."

காசி போனை வாயருகே வைத்துக்கொண்டான். "சார், காசி பேசறேன். பதறாதீங்க. வண்டி எங்க இருக்குதோ அங்கயே நிறுத்திடுங்க. ஆனா பிரேக் போடாதீங்க. பிரேக்கைத் தொடவே தொடாதீங்க. அப்படியே நிறுத்திடுங்க."

அனுப்பினான்.

"பிரேக்கைத் தொடாம எப்படிங்க நிறுத்துவாரு?"

காசி போனைத் திரும்ப எடுத்தான். உடனே அந்த மெசேஜை அழித்தான்.

"அழிச்சா, அழிச்சிட்டாங்கன்னு அவருக்குக் காட்டுமே. அதைப் பாத்தா இன்னும் பயந்துடுவாரு."

காசி மறுபடி அடித்தான். இப்போது மணி அடிக்கவில்லை. அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு பெண் குரல். காசிக்கு அந்தக் குரல் கொஞ்சம் சோகமாக இருந்ததுபோல் பட்டது.

மொபெட்டில் சுந்தரியை ஏற்றிக்கொண்டு ரத்தினசாமி வீட்டுக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. வாசலில் வேப்ப மரத்தடியில் எப்போதும் நிற்கிற மாருதியைக் காணோம். எதிர் வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏழு மணிக்கே ரெண்டு பேரும் கார்ல போய்ட்டாங்களே. ஊருக்காம். நாளன்னைக்குத்தான் வருவாங்க."

காசி மணியைப் பார்த்தான். ஒன்பது ஐந்து. ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள் இந்நேரம் மேலே போயிருக்க வேண்டும். அல்லது.

அந்த 'அல்லது'வுக்குப் பிறகு என்ன என்று அவன் யோசிக்க விரும்பவில்லை. பாண்டியனைக் கூப்பிட்டான். பாண்டியன் பழைய தோஸ்த். ஒரே ஷெட்டில் தொழில் கற்றவர்கள். இப்போது ஏலகிரி மலையடிவாரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். மலை ஏறுகிற எந்த வண்டியும் அவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பாண்டியா, ஒரு வெள்ளை மாருதி வரும். எண்ணூறு. பிரேக் சரியில்ல. நிறுத்தி வை. மேலே வுடாத."

"நம்பர் இன்னா?"

காசி வாயைத் திறந்தான். எத்தனையோ வருஷமாக அந்த வண்டியைக் கழுவி, துடைத்து, அதன் அடியில் படுத்துக் கிடந்தவன். நம்பர் வரவில்லை. தலைக்குள் வாஷர் மட்டும்தான் இருந்தது.

"பழசு பாண்டியா. வெள்ளை. பாத்தாத் தெரியும்."

"சரி, வுடு. நான் பாத்துக்கறேன்."

பாண்டியன் 'பாத்துக்கறேன்' என்று சொன்னால் பார்த்துக்கொள்வான். அதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் நாலு வழிச் சாலை. மொபெட் நாற்பதுக்கு மேல் போகவில்லை. தோல் மூட்டை ஏற்றிய லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. எதிர்ப்பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போனபோது காசி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"அது வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவுது. தெனம் இந்த ரோட்டுல பத்துப் போவும்" என்றாள் சுந்தரி.

"உள்ள யாருன்னு பாத்தியா?"

"எப்படிங்க பாக்கறது? போங்க."

அடிவாரத்தை அடைந்தபோது மணி பத்தே கால். பாண்டியன் கடை முன்னால் நாலு வெள்ளை மாருதி வரிசையாக நின்றன. நாலு டிரைவர்களும் பாண்டியனைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டியன் கையில் டயர் கழற்றுகிற இரும்புடன், யார் சொல்வதையும் காதில் வாங்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா காசி. நாலு புடிச்சு வச்சிருக்கேன். உன்னுது எது?"

காசி வரிசையாகப் பார்த்தான். எதுவும் இல்லை.

"எதுவுமே இல்லியா?" பாண்டியனின் முகம் விழுந்தது. "சரி, ஒம்பதரைக்கு முன்னாடி போனதெல்லாம் எனக்குத் தெரியாது. கடையே அப்பத்தான் தொறந்தேன்."

"இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று ஒரு டிரைவர் காசியின் சட்டையைப் பிடிக்க வந்தார். "பிரேக் இல்லாத வண்டி ஒண்ணு போவுது, அது உன்னுதான்னு பாருங்கறான். முக்கால் மணி நேரமா நிக்கறோம்."

நாலாவது காரின் முன் சீட்டிலிருந்து ஒரு வயதான அம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். சுகரா பேகம் என்று அவர் மருமகன் பிறகு சொன்னான். மேலே உறவுக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம், பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"தம்பி, நீதான் மெக்கானிக்கா?" என்றார் நிதானமாக. "எங்க வண்டில பிரேக் இருக்குதா இல்லியா? இருக்குன்னு நீ சொல்லு, போய்ட்டே இருக்கோம்."

'இருக்கு' என்ற ஒரு வார்த்தை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காசிக்குப் பார்க்காமல் சொல்ல வாய் வரவில்லை. மண்ணில் முட்டி போட்டு, சக்கரத்தைத் திருப்பச் சொல்லி, போன் வெளிச்சத்தில் ஹோஸைப் பிடித்து வளைத்துப் பார்த்தான். ரப்பர் முழுக்க வெடிப்பு. நுனியில் விரலை வைத்தான். ஈரம்.

"அம்மா, இதை வச்சிக்கினு மேல போவாதீங்க. ஏறிடும். எறங்கறதுதான் கஷ்டம்."

"போன மாசம்தான் சர்வீஸ் உட்டேன்" என்றான் மருமகன்.

"சர்வீஸ்ல ஆயில் ஊத்துவாங்க. ஹோஸை யாரு குனிஞ்சு பாக்கறாங்க? வண்டிக்கு இருபது வயசுன்னா அதுக்கும் இருபது வயசு. வெளியே இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும்."

சட்டையைப் பிடிக்க வந்த டிரைவர் கையை எடுத்துக்கொண்டு, "என்னுதையும் கொஞ்சம் பாருப்பா" என்றார். மற்ற இரண்டு பேரும் தங்கள் வண்டிகளின் சக்கரத்தைத் திருப்பி வைத்தார்கள்.

காசி மூன்றையும் பார்த்து முடித்தபோது நாற்பது நிமிஷம் போய்விட்டது. மூன்றும் நன்றாக இருந்தன. நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தபடி மலையை நிமிர்ந்து பார்த்தான். எங்கேயோ மேலே, வாஷர் இல்லாத ஒரு வண்டி. அவன் இங்கே மண்டி போட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மொபெட் அந்த ஏற்றத்தை ஏறாது. அதைப் பாண்டியனிடம் விட்டான். சுகரா பேகம் வீட்டுக் காரும் அங்கேயே நின்றது. இறங்கி வந்ததும் ஹோஸ் வாங்கி மாற்றிக் கொடுப்பதாகக் காசி வாக்குக் கொடுத்தான். திருப்பத்தூரிலிருந்து வந்த பஸ்ஸை மறித்து இரண்டு வீட்டாரும் ஏறினார்கள். சுந்தரிக்கும் சுகரா பேகத்துக்கும் பின்னால் ஒரே சீட்டு கிடைத்தது. காசி முன்னால் கண்டக்டர் பக்கத்தில் நின்றான்.

முதல் வளைவில் இடப்பக்கம் எட்டிப் பார்த்தான். பள்ளத்தில் மரங்கள். இரண்டாவது வளைவில் பள்ளம் வலப்பக்கம் வந்தது. மூன்று பேர் மடிமேல் சாய்ந்து அந்தப் பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"வாந்தி வருதாப்பா?" என்று ஒரு பெரியவர் ஜன்னலோரத்தை விட்டு அவசரமாக நகர்ந்துகொண்டார்.

நாலாவது வளைவில் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, காலைல இந்த ரூட்ல வெள்ளை மாருதி எதுனா விழுந்துச்சா?"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்தார். "வெள்ளை மாருதி விழுந்துடுச்சா? எங்க?"

"விழுந்துச்சான்னு கேக்கறேன்."

"அதான் எங்கன்னு கேக்கறேன்."

பஸ் அந்த நேரம் பார்த்து உறுமியது. முன் வரிசைச் சீட்டில் இருந்தவருக்கு 'வெள்ளை மாருதி', 'விழுந்து' என்ற இரண்டும்தான் காதில் விழுந்தன. அவர் பின்னால் திரும்பி அடுத்த சீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார்.

ஏழாவது வளைவில் காசி கத்தினான். "நிறுத்துங்க, நிறுத்துங்க. கீழ வெள்ளையா இருக்குது."

பஸ் நின்றது. எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து வந்தார்கள். டிரைவர் "அந்தப் பக்கம் போய் உக்காருங்கய்யா, வண்டி சாயுது" என்று அலறினார். கீழே புதருக்குள் வெள்ளையாக ஒன்று கிடந்தது உண்மைதான். உடைந்த பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க்.

"யோவ், இன்னொரு தரம் கத்துனா எறக்கி வுட்டுடுவேன்" என்றார் கண்டக்டர்.

காசி வாயை மூடிக்கொண்டான். ஆனால் காதை மூட முடியவில்லை. பத்தாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேராம். கிரகப்பிரவேசத்துக்குப் போனவங்களாம்."

காசி திரும்பிப் பார்த்தான். கிரகப்பிரவேசம் என்று அவன் பஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லையே.

பன்னிரண்டாவது வளைவில், வேறு ஒரு குரல்: "பிரேக் பிடிக்கலையாம்பா."

பிரேக் என்றும் அவன் கண்டக்டரிடம் சொல்லவில்லை. அப்படியானால் இது அவன் கிளப்பிவிட்டது இல்லை. இவர்களுக்கு வேறு எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது. கண்டக்டரின் இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த கண்டக்டர் எழுப்பவில்லை.

பின் சீட்டில் சுகரா பேகம் போனில் உருதுவில் யாரிடமோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். சுந்தரி தலையைக் குனிந்து சேலை முந்தானையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தனாவூரில் இறங்கியதும் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் காசி தண்ணீர் கேட்டான். கடைக்காரர் தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "கேள்விப்பட்டீங்களா? வெள்ளை மாருதி ஒண்ணு வளைவுல போய்டுச்சாம். யாரோ மெக்கானிக் பிரேக்ல வாஷர் போட மறந்துட்டானாம்."

தம்ளர் காசியின் கையிலேயே நின்றது.

வாஷர். அதுவும் வெளியே வந்துவிட்டது. போலீஸ் வந்து, வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

"இன்னாங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் சுந்தரி. "பஸ்ல அந்த சுகரா அம்மா இன்னா விஷயம்னு கேட்டாங்க. நான்தான்..."

"பேசாத சுந்தரி. போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

"நேராப் போய் லெஃப்ட்டு. ஏன்?"

"அந்த மெக்கானிக் நான்தான்."

கடைக்காரர் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காசி நடக்க ஆரம்பித்தான். சுந்தரி பின்னாலேயே ஓடினாள். "அய்யோ, நான்தாங்க அந்தம்மாகிட்ட சொன்னேன். அவங்க போன்ல சொல்லியிருப்பாங்க. அது அப்படியே நமக்கு முன்னாடி மேல வந்துடுச்சு."

காசி காதில் வாங்கவில்லை. அவன் மனம் வேறு எங்கோ இருந்தது. நேற்று சாயங்காலம் ரத்தினசாமி ஷெட் வாசலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "காசி, ஒரே மிதி. நின்னுடுச்சுப்பா" என்று குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. என்ன சொல்லப் போகிறான்? கவனமாகத்தான் செய்தேன் ஐயா. ரெண்டு தரம் டைட் பண்ணிப் பாத்தேன். ஆயில்ல இருந்த ஏரை எடுத்தேன். ஓட்டிப் பாத்தேன். எண்ணி மட்டும் பாக்கலை.

தெரு முனையில் திரும்பியபோது எதிரே ரத்தினசாமி வந்துகொண்டிருந்தார்.

பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் வெற்றிலை பாக்குப் பை. பக்கத்தில் அவர் மனைவி மேகலா, தலை நிறையப் பூவோடு.

காசி நின்றுவிட்டான். ரத்தினசாமி அவனைப் பார்த்ததும் வேகமாக வந்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"காசி, நீ எங்கப்பா இங்க? கேள்விப்பட்டியா? வெள்ளை மாருதியாம். நம்ம வண்டி மாதிரியே. புருஷன் பொண்டாட்டியாம், பாவம். எதுனா உதவி வேணுமான்னு கேக்கத்தான் போய்ட்டிருக்கோம். எவனோ ஒருத்தன் வாஷர் போட மறந்துட்டானாம். நீயும் தொழில்காரன், நீயே சொல்லு, இப்படியும் ஒருத்தன் இருப்பானா?"

காசி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு நடுத்தெருவில் நின்று அழுதான்.

"இன்னாச்சு காசி? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

சுந்தரிதான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாஷர், போன், பூட்டிய வீடு, நாலு மாருதி, பஸ், சுகரா பேகம். ரத்தினசாமி கேட்கக் கேட்க வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"அப்ப செத்துப்போனது நாங்கதானா?" என்றார் கடைசியில்.

"மன்னிச்சிடுங்க சார். வண்டி எங்க? உடனே பாக்கணும். எறக்கத்துல எடுக்கவே கூடாது."

"வண்டி ஆம்பூர்ல இருக்குதுப்பா. ரெண்டு நாள் வீட்ல ஆளு இருக்காதுன்னு, காலைல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தம்பி வீட்டு ஷெட்ல வுட்டுட்டு வந்தேன். நாங்க பஸ்லதான் வந்தோம். இந்த போன் எழவுக்கு சார்ஜ் நிக்க மாட்டேங்குது, பஸ்லயே அணைஞ்சிடுச்சு."

அப்போதுதான் காசியின் போன் அடித்தது. ஷபீ அஹமது.

"இன்னா காசி, காலைல போன் பண்ணியே? கல்யாணத்துல இருந்தேன், சத்தத்துல கேக்கலை."

"பாய், நேத்து மாருதிக்கு எத்தனை வாஷர் போட்டீங்க?"

"அஞ்சு."

"நாலுதானே பாய் கேட்டேன்?"

"நீ நாலு கேட்டா நான் அஞ்சுதான் போடுவேன். எப்பவும் ஒண்ணைக் கீழ போட்டுத் தொலைச்சிட்டு, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வூட்டாண்ட வந்து நிப்பே. ஏன், அஞ்சும் தொலைஞ்சிடுச்சா?"

காசி போனை வைத்தான். அருகில் இருந்த வீட்டுப் படியில் உட்கார்ந்தான். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு வயிறு வரைக்கும் இறங்கியது. வண்டியில் நாலு வாஷரும் இருக்கின்றன. யாரும் விழவில்லை. யாரும் சாகவில்லை. அவன் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறான்.

சுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இந்தத் தபா ஒண்ணுகூடத் தொலைக்கலை பாருங்க நீங்க" என்றாள். "அதான் இத்தினி வம்பு."

காசி சிரித்தான். சிரிப்பு வந்ததும் கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. நேற்று சாயங்காலம் வண்டியில் மலை ஏறப் போவதாக அப்படித் துள்ளிக்கொண்டிருந்தவர் இவர்.

"ஆனா சார், பிரேக்குதான் சூப்பரா இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே. அப்புறம் ஏன் வண்டியை வுட்டுட்டு பஸ்ல வந்தீங்க?"

ரத்தினசாமி வேட்டி நுனியைச் சரிசெய்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தெருக்கோடியைப் பார்த்தார்.

"அவரை ஏன் கேக்கற, என்னைக் கேளு" என்றாள் மேகலா. "பிரேக்கு பிடிக்காத வரைக்கும் இந்த மனுசன் பயந்து பயந்து இருபதுலயே ஓட்டுவாரு, நானும் நிம்மதியா பக்கத்துல குந்திக்கினு வருவேன். ஒரே மிதியில நிக்கற மாதிரி பண்ணிக் குடுத்துட்டியே காசி, இனிமே இவரு பக்கத்துல எவ குந்துவா?"